தோப்பை எழுதிக் கொடுப்பதற்கு முன்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ஆனைமலைப் பக்கம் 7 ஏக்கர் தென்னந்தோப்பு, உங்களுக்கு வயது 58, பி.காம். முடித்துக் கோயம்புத்தூரில் கணக்காளராக வேலை பார்க்கும் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கும் மகன் என்று குடும்ப நிலையைத் தெளிவாக எழுதியிருந்தீர்கள். மகனை பி.எஸ்சி. அக்ரி சேர்த்துவிட்டால் தோப்பைப் பார்த்துக்கொள்வானா என்று கேட்கிறீர்கள். அவன் எதைப் படிப்பது என்பது ஒரு கேள்வி. தோப்பு அடுத்த கைக்கு எப்படிப் போவது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்தால் இரண்டாவது தானாகத் தீர்ந்துவிடும் என்று நீங்கள் நம்புவதாகத் தெரிகிறது. அப்படித் தீர்ந்த வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண்மைப் பட்டம் 4 ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். நல்ல படிப்பு. ஆனால் அதில் சேரும் பிள்ளைகளில் பலர் வேளாண் அலுவலர் பணியையோ வங்கி வேலையையோ மேற்படிப்பையோ மனத்தில் வைத்தே சேர்கிறார்கள், அதில் தவறும் இல்லை. மகனைத் தோப்பில் கட்டிவைக்கும் கயிறாக அந்தப் பட்டத்தை நினைக்காதீர்கள். மதிப்பெண் குறைந்தால் 2 ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. வியாபாரத்தில் நாட்டம் என்றால் பொள்ளாச்சியில் பி.காம். படித்துக்கொண்டே தோப்பு வேலை பழகுவதும் மட்டமான வழி அன்று. அவனுக்கு எதில் விருப்பம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதை வருத்தத்துடன் சுட்டிக்காட்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளைஞரை நினைத்துக்கொள்கிறேன். வேளாண் பட்டம் பெற்று, விரும்பியே ஊர் திரும்பி, மூன்று ஆண்டுகள் தந்தையோடு தோப்பில் உழைத்தவர் அவர். ஒவ்வொரு வெட்டின்போதும் மரம் ஏறுபவர்களை அழைத்து வருவதும், காய் எண்ணுவதும், களத்தில் கொப்பரையைக் கிளறிக் காயவைப்பதும் அவர் வேலை. வியாபாரி வந்து திண்ணையில் உட்கார்ந்து விலை பேசத் தொடங்கியதும், "கண்ணு, போய் டீ சொல்லிட்டு வா" என்று அப்பா அனுப்பிவிடுவாராம். லாபக் காய் (வியாபாரிக்கு விலையில்லாமல் கூடுதலாகத் தரும் காய்) எத்தனை போகிறது, பாக்கிப் பணம் எப்போது வருகிறது, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எவ்வளவு நிற்கிறது என்று எதுவும் அவருக்குத் தெரியாது. வண்டிக்குப் பெட்ரோல் போட அம்மாவிடம் கேட்டு வாங்கினார். பெண் பார்க்கப் போன இடத்தில், மாதம் என்ன வருமானம் என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதமே ஓர் உர நிறுவனத்தில் விற்பனை வேலைக்குச் சேர்ந்துவிட்டார். என் முன்னால் உட்கார்ந்து அழுதவர் விவசாயம் பிடிக்காமல் போனவர் அல்லர், ஐயா.

ஆகவே பத்திரம் எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கணக்கையும் முடிவெடுக்கும் உரிமையையும் ஒப்படைக்கத் தொடங்குங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். மகனுக்கு 18 வயது ஆனதும், அவனுக்கு விருப்பம் இருந்தால், ஒரு ஏக்கரைத் தனியாகப் பிரித்து அவன் பொறுப்பில் விடுங்கள். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பு என்றால் ஏக்கருக்கு 70 மரம் அளவில் இருக்கும். கற்றுக்கொள்ள அது போதும். உரம், கூலி, தண்ணீர் முறை, விற்பனை எல்லாவற்றையும் அவனே ஒரு நோட்டில் எழுதட்டும், மிச்சம் அவனுடையதாகட்டும். மற்ற 6 ஏக்கரில் அவன் செய்யும் வேலைக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஊடுபயிராக ஜாதிக்காய் வைக்கிறேன் என்று அவன் சொன்னால், காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதன் பிறகும் வைக்கத்தான் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். உங்கள் பகுதியில் வெள்ளை ஈயும் வேர் வாடல் நோயும் எத்தனை தோப்புகளைக் குலைத்திருக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேர் வாடலைக் குணப்படுத்த மருந்து கிடையாது. எந்த மரத்தை வெட்டுவது, எதை விட்டுவைப்பது, அந்த இடத்தில் எந்த ரகத்தை நடுவது என்ற முடிவுகளின் பலனை அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் அனுபவிக்கப் போகிறவன் அவன்தான். ஆழியார் நகரில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருநாள் அவனைக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே கேள்விகளை அவனே கேட்கட்டும்.

மகளைப் பற்றி, "நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் வீட்டில் கணக்குத் தெரிந்தவர் அவர்தான். தோப்பை நடத்த அவருக்கு விருப்பமா என்று யாராவது அவரிடம் கேட்டதுண்டா? விருப்பம் இல்லை என்றாலும் உரிமை இல்லாமல் போகாது. 4 ஏக்கர் பூர்விகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989-இலேயே சட்டமாக்கியது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. நீங்கள் சம்பாதித்து வாங்கிய 3 ஏக்கரை விரும்பியபடி எழுதலாம். எழுதாமல் விட்டால் அது உங்கள் மனைவிக்கும் பிள்ளைகள் இருவருக்கும், உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும், சமமாகப் போகும். திருமணத்துக்குப் போட்ட நகை இந்தப் பங்கை அழித்துவிடாது. கல்யாணப் பரபரப்பில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் மகளிடம் கையெழுத்து வாங்கியதால் அண்ணன் தங்கை பேச்சுவார்த்தையே அற்றுப்போன குடும்பங்களை அறிவேன்.

பங்கு கொடுப்பதற்காக நிலத்தைத் துண்டாட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு; அதற்கு மேலும் பிரித்தால் கிணறு யார் பக்கம், மின் இணைப்பு யார் பெயரில், வண்டித்தடம் எந்த வழியாக என்றுதான் வழக்கு வரும். நிலம் இருவர் பெயரிலும் இருக்க, உழைப்பவர் மற்றவருக்கு ஆண்டுக் குத்தகை கொடுக்கலாம். அல்லது தவணையில் பங்கை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் வழக்கறிஞரை வைத்து எழுத்தில் செய்யுங்கள். உயிலை உங்கள் காலம் வரை மாற்றி எழுதலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிட்டால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. ஆகையால் அந்த வழியில் போவதானால், உங்களையும் உங்கள் மனைவியையும் காலம் முழுக்கப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள்; 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானமாக இருக்கப்போவது அந்த வரிதான்.

என்னைப் பார்க்க வரும்போது நால்வரும் வாருங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சங்கத்துக் கடன் விவரம் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வாருங்கள். பிள்ளைகள் இருவரும் அவற்றை அதற்கு முன்பே ஒருமுறை படித்திருக்கட்டும். அடுத்த வெட்டுக்கு வியாபாரி வந்து உட்காரும்போது மகனை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்; டீயை வேறு யாராவது வாங்கி வரட்டும்.