உடலில் விழுந்த காயம் ஒரு பெண் தன்னைப் பார்க்கும் விதத்தை மாற்றுமா?

மாற்றும். ஆனால் ஒரே திசையில் அல்ல. எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவர் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ.

ஆறு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. பிள்ளைகள் கேலி செய்தார்கள். அந்தக் காலில் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்வாராம். 1925இல், 18 வயதில், அவர் போன பேருந்தில் டிராம் மோதியது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, வலது கால் எல்லாம் உடைந்தன. படுக்கையில் கிடந்தவருக்குக் கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்திக்கொடுத்தார்கள். கண்ணைத் திறந்தால் தன் முகம்தான். அதையே வரையத் தொடங்கினார்.

அவர் மறைக்கவும் செய்தார், காட்டவும் செய்தார். காலை நீளப் பாவாடை மறைத்தது. உடம்பை இறுக்கிய மாவுக்கட்டின் மேலேயே படம் வரைந்தார். எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. என் கணிப்பில் முக்கியமான இடம் இதுதான்.

இதைத் 'தன்னம்பிக்கைக் கதை' ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1953இல் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தபோது நொறுங்கித்தான் போனார். அதற்குப் பிறகும் செயற்கைக் காலுக்குச் சிவப்பு பூட்ஸ் செய்துகொண்டார், எம்பிராய்டரி பட்டும் மணியும் வைத்து.