ரோம வெள்ளிக் காசுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் டெனாரியஸ் என்ற ரோம வெள்ளிக் காசில் குதிரையில் பாயும் இருவர், தலைக்கு மேல் நட்சத்திரங்கள். அசுவினி தேவர்களா?

இல்லை. காஸ்டர், பொல்லக்ஸ் என்ற ரோமரின் இரட்டைத் தெய்வங்கள். கீழே ‘ரோமா’ என்று எழுதியிருக்கிறதே! மறுபக்கம் பெண் தலைக்குப் பின்னாலுள்ள பெருக்கல் குறி ரோம எண்ணில் பத்து. காசின் மதிப்பு பத்து ஆஸ் (ரோமரின் வெண்கலக் காசு) என்பதைக் காட்டுகிறது.

கேள்வி: யானை பொறித்த வெள்ளிக் காசு, சுமார் 4 கிராம். பாண்டியர் காசுதானே?

யானையைக் கண்டதும் பாண்டியரா? அதன் காலடியில் ‘சீசர்’ என்று லத்தீனில் இருக்கிறது. கி.மு. 49 வாக்கில், உள்நாட்டுப் போரின்போது ஜூலியஸ் சீசர் அடித்த காசு. நீங்கள் படமெடுக்காத மறுபுறத்தில் கரண்டி, நீர் தெளிக்கும் தூரிகை, பலிக் கோடரி, பூசாரியின் கூர்முனைத் தொப்பி ஆகியவை இருக்கும். கி.மு. 63 முதல் ரோமின் தலைமைப் பூசாரி அவர்தான். இனியாவது இரண்டு பக்கமும் அனுப்புங்கள்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காசைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன், பளபளக்கிறது. பின்புறம் இரண்டு பேர், நடுவில் கேடயங்கள். அதற்கு மேல் ஏதோ இருந்த தடம் தெரிகிறது. என்ன அது?

நீங்கள் தேய்க்கும்வரை அங்கே ஒரு கரண்டியும் தலை வளைந்த கோலும் இருந்தன. நிற்பவர்கள் அகஸ்டஸ் தத்தெடுத்துக்கொண்ட மகள்வயிற்றுப் பேரன்கள் காயஸ், லூசியஸ். காயஸ் பூசாரி, அவருக்குப் பலியில் மது வார்க்கும் கரண்டி. லூசியஸ் பறவை நிமித்தம் பார்ப்பவர், அவருக்குக் கோல். தென்னிந்தியப் புதையல்களில் இந்தக் காசு நிறையவே கிடைத்திருக்கிறது. கரண்டி இடமா வலமா, கோலின் வளைவு எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் வகை பிரிப்போம். நொய்யரிசி அளவு மேடு அது, தேய்த்தால் முதலில் போவதும் அதுதான்.

குத்துவிளக்கு துலக்கிய கை சும்மா இருப்பதில்லை! கறுப்பு என்பது அழுக்கல்ல, வெள்ளியின் மேல் காலம் போர்த்திய மெல்லிய தோல். திருநீறு, பல்பொடி, புளி, எலுமிச்சை எதுவும் கூடாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். ஒற்றுங்கள் என்றேன், துடையுங்கள் என்று சொல்லவில்லை.

கேள்வி: விளிம்பில் செம்பு தெரிகிறது. போலியா?

போலிதான், ஆனால் ரோமர் காலத்திலேயே செய்த போலியாக இருக்கலாம். செம்பு வில்லையில் வெள்ளித் தகடு போர்த்தி அடிப்பார்கள். மேலும் சுரண்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பேரரசர் திபேரியஸ் காசில் அமர்ந்திருப்பது அவருடைய தாய் லிவியாவா?

பலர் அப்படிச் சொல்கிறார்கள். கையில் கிளை இருப்பதால் சமாதான தேவி என்பாரும் உண்டு. காசு அவள் பெயரைச் சொல்லவில்லை. சுற்றியிருக்கும் ‘பொந்திஃப் மாக்சிம்’ தலைமைப் பூசாரி என்ற பட்டம், அதுவும் பேரரசருடையது.

கேள்வி: வயலில் ஒரு குடம் காசு கிடைத்தது. விற்கலாமா?

கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். குடத்தோடு, மண்ணோடு, கழுவாமல் கொண்டுபோங்கள்.