திடீரென அகலும் குழாயில் அழுத்த உயர்வு ஏன் குறைகிறது?

50 மி.மீ. குழாயில் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரும் நீர் 100 மி.மீ. குழாய்க்குள் நுழையும்போது, ஆற்றல் இழப்பே இல்லை எனக் கொள்ளும் பெர்னூலிச் சமன்பாட்டின்படி 7,500 பாஸ்கல் உயர வேண்டிய அழுத்தம் 3,000 பாஸ்கலுக்குச் சற்றுக் குறைவாகவே உயர்வதாக எழுதியிருக்கிறீர்கள். அழுத்தமானியைச் சந்தேகிக்க வேண்டாம். அது காட்டுவதே சரி.

அகலும் விளிம்பில் நீர் சுவரோடு ஒட்டித் திரும்ப இயலாமல் தாரையாகப் பிரிந்து பாய்கிறது. அதைச் சுற்றி எழும் சுழல்களும் கொந்தளிப்பான கலப்பும் இயக்க ஆற்றலின் பெரும்பகுதியை இறுதியில் வெப்பமாக மாற்றிவிடுகின்றன. ஆகவே இங்கே, விசையை நீரின் உந்த மாற்றத்தோடு சமப்படுத்தும் உந்தச் சமன்பாட்டையே கையாள வேண்டும். விளிம்பை அடுத்த வளைய முகத்தில், அதாவது இரு குழாய்களையும் இணைக்கும் வளைய வடிவச் சுவரில், சிறிய குழாயின் அழுத்தமே நிலவுகிறது என்று கொண்டால் (இந்த எடுகோள்தான் முழுக் கணக்கின் உயிர்நாடி, சோதனைகளோடும் நன்கு பொருந்துகிறது), அழுத்த உயர்வு என்பது அடர்த்தி, பெரிய குழாயின் வேகம் (பரப்பு நான்கு மடங்காவதால் வினாடிக்கு 1 மீட்டர்), வேக வேறுபாடு ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாகும்: 1000 × 1 × 3 = 3,000 பாஸ்கல். எஞ்சிய 4,500 பாஸ்கல், திடீர் அகற்சியால் வீணாகும் பங்கு; அதையே போர்டா–கார்னோ இழப்பு என்கிறோம். மேலும் சிறு குறைவுக்குச் சுவர் உராய்வே காரணமாக இருக்கலாம்.

விளிம்பை ஒட்டியே அளந்தால் இந்த உயர்வும் தெரியாது. தாரை மீண்டும் சுவரைத் தொட்டுச் சீரடையும் தொலைவுக்கு அப்பால் அளவிடுங்கள். இழப்பைக் குறைக்க விரும்பினால், மொத்தக் கோணம் ஏறத்தாழ 7 பாகையுள்ள கூம்புக் குழாயை இடையில் பொருத்துங்கள்.