தைராய்டும் மாற்று மருந்துகளும்: கேள்வி பதில்

நம் நோய் எதிர்ப்பு அமைப்பே தைராய்டு சுரப்பியைத் தாக்கி மெல்லச் சிதைக்கும் ஹாஷிமோட்டோ நோயுடன் 14 ஆண்டுகளாக வாழ்கிறேன், மருந்தாளுநராகவும் பணிபுரிகிறேன்.

கேள்வி: ஒரு மூலிகைச் சூரணத்தை மூன்று மாதம் சாப்பிட்டதில் ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்புரதம்) அளவு 900-லிருந்து 520-க்கு இறங்கிவிட்டது. குறையும் தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்சின் மாத்திரையை நிறுத்திவிடலாமா அம்மா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த எண் சுரப்பி தாக்கப்படுவதற்கான அடையாளமே தவிர, சுரப்பி எவ்வளவு ஹார்மோன் சுரக்கிறது என்பதைக் காட்டாது, அதற்கு டி.எஸ்.ஹெச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், சுரப்பி மந்தமானால் ஏறும்), ஃப்ரீ டி4 (இரத்தத்தில் தனித்திருக்கும் தைராக்சின்) ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். எதிர்ப்புரதங்கள் தாமாகவும் ஏறி இறங்கும், தைராக்சின் எடுத்துக்கொள்ளும் பலருக்கு நாளடைவில் குறையவும் செய்யும். அந்த மூன்று மாதமும் நீங்கள் மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதால், இறங்கியதற்குச் சூரணந்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். ஆகவே மாத்திரையை நிறுத்திய முதல் சில வாரங்களில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. அந்த அமைதியைத்தான் "மூலிகை குணப்படுத்திவிட்டது" என்று நம்பிவிடுகிறோம். சோர்வும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் அதன் பிறகே ஒவ்வொன்றாகத் திரும்பும். நானும் ஒருமுறை இப்படி நம்பி நிறுத்தினேன். மூன்றாம் மாதம் காலையில் மோதிரம் விரலை விட்டுக் கழலாதபோதுதான் முகமும் கையும் வீங்கியிருப்பதைக் கவனித்தேன்.

கேள்வி: செலினியம் உதவுமா?

பதில்: தினமும் 200 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில் எதிர்ப்புரதம் குறைந்தது உண்மை. ஆனால் நோயாளி நலமாக உணர்கிறார் என்பதோ, தைராக்சின் தேவை குறைகிறது என்பதோ உறுதியாக நிறுவப்படவில்லை. அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். இவற்றைத் தைராய்டின் குறிகளென்றே தவறாக எண்ணிக்கொண்டு இன்னும் கூடுதலாகச் சாப்பிடுவோரும் உண்டு.

கேள்வி: "தைராய்டு ஆதரவு" மாத்திரையின் சீட்டில் கடற்பாசிப் பொடி 600 மில்லிகிராம் என்று இருக்கிறது. இயற்கைதானே?

பதில்: அந்தச் சீட்டில் பொடியின் எடை இருக்கிறது, அயோடின் அளவு இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கடற்பாசியிலோ அது வகைக்கு வகை பெரிதும் மாறும். மிகையான அயோடின் ஹாஷிமோட்டோ உள்ளவரின் சுரப்பியை மேலும் மந்தமாக்கக்கூடும். இன்னொன்றும் கவலை தருகிறது: 2013-இல் வெளியான ஆய்வொன்றில் இத்தகைய 10 தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது, 9-இல் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் கலந்திருந்தது. சாப்பிட்டவுடன் சுறுசுறுப்பு வந்தால், அதற்கு மூலிகைதான் காரணம் என்று சொல்ல முடியாது.

கேள்வி: அமுக்கரா சாப்பிட்டபின் டி.எஸ்.ஹெச். குறைந்ததே?

பதில்: அது தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடும் என்பதற்குச் சிறிய அளவிலான சான்றுகள் உள்ளன. தைராக்சினோடு சேரும்போது அளவு மிஞ்சிப் படபடப்பு ஏற்படலாம். கல்லீரல் பாதிப்பும் சிலரிடம் பதிவாகியிருக்கிறது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே முடிக்கான பயோட்டின் மாத்திரையும் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். அது உடலில் எதையும் மாற்றாமலேயே, பல ஆய்வகச் சோதனைகளில் டி.எஸ்.ஹெச்.-ஐக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

கேள்வி: கோதுமையை விட்டுவிடவா?

பதில்: சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருந்தால் கட்டாயம். இல்லையெனில் சான்று போதாது. சோதனை செய்துகொள்வதானால், கோதுமையை விடுவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள். விட்டபின் முடிவு தெளிவாக வராது.

கேள்வி: கர்ப்பமாகியிருக்கிறேன். மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறச் சொல்கிறார்கள்.

பதில்: மாறாதீர்கள் தங்கையே. தொடக்க மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு உங்கள் ஹார்மோனே ஆதாரம். இப்போது தைராக்சின் தேவை பெரும்பாலும் கூடவே செய்யும். வழக்கமான சந்திப்புக்குக் காத்திராமல் இன்றே மருத்துவரை அழைத்து, டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தைராக்சினிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிடுங்கள்.