அந்த வெந்நீர்ப் பையை முதலில் எடுத்து வையுங்கள்

புற்றுக்காக நீக்கிய மார்பகத்துக்குப் பதில் வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் அமைத்து எட்டு மாதம் ஆகிறது, ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, அது கரையட்டும் என்று தினமும் ராத்திரி வெந்நீர்ப் பை வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதற்கு அப்புறம் வருவோம். அந்தப் பையை இன்றோடு நிறுத்துங்கள்.

வயிற்றிலிருந்து எடுத்து வைத்த அந்தத் தோல் மரத்திருக்கிறது. அறுவையின்போது ரத்தக்குழாயைத்தான் இணைக்கிறோம், நரம்பைப் பெரும்பாலும் இணைப்பதில்லை. ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வு திரும்பலாம். நடுவில் வராமலே போகலாம். கைக்கு இதமாக இருக்கிற சூடு அங்கே சத்தமில்லாமல் வேகவைத்துவிடும். என்னிடம் ஒருவர் உள்ளங்கை அகலக் கொப்புளத்தோடு வந்து, "சூடே தெரியலையே டாக்டர்" என்றார். தெரியாதும்மா, சிக்கலே அதுதான். தொப்புளுக்கும் வயிற்றுத் தழும்புக்கும் நடுவே மரத்திருக்கும் இடத்துக்கும் சூடு ஆகாது.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். ஆறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்; நான்கில் ஒரே பயம்தான் வேறு வேறு சட்டை போட்டு நிற்கிறது. "உள்ளே புற்றை வைத்து மேலே சதையை வைத்துத் தைத்துவிட்டார்கள்" என்று நாத்தனார் சொன்னாராமே, அந்தப் பயம். மார்பகப் புற்று பால் சுரப்பியிலும் பால் நாளத்திலும் தொடங்குவது. வயிற்றிலிருந்து வந்தது தோலும் கொழுப்பும். அதில் அவை இல்லை. அந்தச் சதை மார்பகப் புற்றாக மாறாது, மறுபடி வரும் வாய்ப்பையும் கூட்டாது.

அப்படியானால் கட்டி எது? அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும், அதற்கு ரத்தம் தருகிற 2, 3 மில்லிமீட்டர் குழாயோடு எடுத்து, மார்பெலும்பை ஒட்டி ஓடும் குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிறோம். குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கொழுப்புக்கு ரத்தம் தாராளம். தூரத்து ஓரம் வாய்க்காலின் கடைமடை மாதிரி. சில சமயம் அங்கே போய்ச் சேராது. அந்தக் கொழுப்பு செத்துக் கெட்டியாகிவிடும். உங்கள் கட்டி இரண்டாம் மாதமே தென்பட்டது, ஓரத்தில் இருக்கிறது, வளரவில்லை. மூன்றுமே இதோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் கடிதத்தைப் படித்துக் கட்டிக்குப் பெயர் வைக்கிற பழக்கம் எனக்கில்லை. இந்த வாரமே உங்கள் சர்ஜனிடம் காட்டி ஓர் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஊசி பயாப்சி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. ஊசி குத்தினால் பரவும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. வயிற்றுத் தோலும் உங்கள் பழைய மார்புத் தோலும் சேருகிற தையல் கோடு இருக்கிறதே, அதைச் சுற்றிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். கோட்டுக்கு அப்பால் இருக்கிற பழைய தோல் முழுவதும், அக்குள், காறை எலும்புக்கு மேல் பள்ளம். மாதம் ஒரு முறை, குளிக்கும்போது, சோப்பு நுரையோடு. நோய் திரும்பினால் பெரும்பாலும் உங்கள் சொந்தத் தோலிலோ அதன் அடியிலோதான் தலைகாட்டும்: அரிசி அல்லது பட்டாணி அளவில், வலிக்காத, புதிதாக வந்த முடிச்சு. அல்லது பரவுகிற சிவந்த தடிப்பு. வலிக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் கழிந்தும் மறையாத புது முடிச்சு எதுவானாலும், பழைய கட்டியே பெரிதானாலும், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

இணையத்தில் படித்த "செயற்கை மார்பகப் புற்று" உங்களுக்கு இல்லை. அது மார்பகத்துக்குள் வைக்கும், சொரசொரப்பான மேற்பரப்புள்ள செயற்கைப் பைகளோடு தொடர்புள்ள, அரிதான நிணநீர்ப் புற்று. 2019இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு நிறுவனம் தன்னுடைய அத்தகைய பைகளைத் திரும்பப் பெற்றது. உங்கள் உடம்பில் அப்படிப் பையே இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு யூடியூப் பார்ப்பதற்குப் பதில் தூங்கலாம்.

அந்தப் பக்க மார்பகம் பெரிதாகிறது என்கிறீர்கள்; எடை ஆறு கிலோ கூடியதாகவும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அது வயிற்றுக் கொழுப்பு அம்மா, நீங்கள் பெருத்தால் அதுவும் பெருக்கும். இளைத்தால் இளைக்கும். தண்ணீர்க் குடம் தூக்கலாமா என்றால், அறுவை முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டதே, தாராளமாகத் தூக்கலாம். வயிற்றில் புடைப்பு தெரிந்தால் மட்டும் காட்டுங்கள்.

கடைசி வரியில், போகிற போக்கில், எடை கூடுகிறது என்று தமாக்சிஃபென் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்தியது அந்த வரிதான். நோய் திரும்பாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. நாளைக் காலையிலேயே உங்கள் புற்றுநோய் மருத்துவருக்கு போன் செய்து, எத்தனை நாள் விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். தொந்தரவு கொடுத்தால் மாற்று மருந்து உண்டா என்று அவர் பார்ப்பார்.

ஸ்கேனுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். ஊசி குத்த வேண்டி வந்தால், தைத்த ரத்தக்குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று குத்துகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். தொலைத்துவிட்டிருந்தால் அறுவை நடந்த மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து நகல் கேளுங்கள்.