"சும்மாவா போட்டீங்க?"

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு ஓட்டு. போன தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ராத்திரி வந்து கவர் கொடுத்தார்கள். பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம், வாங்கிவிட்டோம். கருப்பசாமி மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். எங்கள் கண்மாயில் மடை உடைந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெய்கிற தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்துக்கு எம்.எல்.ஏ. வந்தபோது பெண்கள் ஏழெட்டுப் பேர் போய்ச் சொன்னோம். அவர் வாய் திறப்பதற்குள் கூட வந்தவர், "சும்மாவா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினோம். வாங்கிய எங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறதா? அடுத்த தேர்தலில் ஊரே ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவதுதான் மரியாதையா?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, மதுரை மாவட்டம்)

பதில்: உரிமை இருக்கிறது, அம்மா. ஒரு குன்றிமணி குறையாமல் இருக்கிறது.

கவர் வாங்கியது தவறு. அதை நான் மழுப்பப் போவதில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆவது பிரிவும், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவும் கொடுப்பதையும் வாங்குவதையும் சேர்த்தே லஞ்சம் என்கின்றன. ஆனால் "சும்மாவா போட்டீங்க?" என்று கேட்டாரே, அவர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் லஞ்சம் கொடுத்தோம் என்று பத்துப் பேர் முன்னால் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார். தலை குனிய வேண்டிய ஆள் அங்கே நிமிர்ந்து நின்றிருக்கிறார். நீங்கள் குனிந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான்.

மதுரைக்காரர்களுக்கு இதில் தனி வலி உண்டு. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நம் ஊர்ப் பெயரையே இந்த வியாபாரத்துக்கு வைத்துவிட்டார்கள். எந்த வேட்பாளருக்கு எவ்வளவு செலவு என்றுதான் அன்றிலிருந்து பேசுகிறோம். வாங்கிய வீடுகளில் அப்புறம் என்ன நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. உங்கள் கடிதம் அதைச் சொல்கிறது. கூச்சம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து வருஷம் யாரும் வாய் திறப்பதில்லை. கொடுத்த பணத்துக்கு அவர்கள் அடைந்த உண்மையான லாபம் அந்த மௌனம்தான். ஓட்டு ஒரு நாளோடு போயிற்று.

எம்.எல்.ஏ. தனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டும் உறுப்பினர் கிடையாது. எதிர்க்கட்சிக்குப் போட்டவருக்கும், வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவருக்கும், இன்னும் ஓட்டு வயது வராத உங்கள் பையனுக்கும் அவர்தான் உறுப்பினர். 2017இல் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியமும் படிகளும் சேர்த்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டன. அந்தப் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து போகிறது. நீங்கள் தீப்பெட்டி வாங்கினாலும் அதில் ஒரு பங்கு வரியாக அங்கே போய்ச் சேர்கிறது. உங்களுக்கு வேலை செய்யத்தான் அவருக்குச் சம்பளம்.

சத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும், அது உங்களை அரித்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் சந்நிதியில் காலங்காலமாக வழக்குத் தீர்த்துக்கொண்ட ஜனங்கள் நாம். களவு போன மாட்டுக்கும் மறுத்த கடனுக்கும் அங்கே சத்தியம் செய்திருக்கிறார்கள். நியாயம் தெரிய வேண்டும் என்று செய்த சத்தியங்கள் அவை. ஒரு லஞ்சத்தைக் காப்பாற்றக் கருப்பனைச் சாட்சிக்கு இழுத்தவர்கள்தான் பயப்பட வேண்டும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சட்டப்படி உங்களைக் கேட்கவும் கூடாது.

ஆனால் உங்கள் பூத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்பது எல்லாருக்கும் தெரியும். பூத் வாரியாகக் கணக்கு வெளியாகிறது, கட்சிக்காரர்கள் அதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அதனால்தான் ஊரே ஓட்டுப் போடாமல் இருக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் பூத்தில் ஓட்டே விழவில்லை என்றால் எண்ணிக்கை மேசையில் உங்கள் ஊர் ஒரு பூஜ்யம். அந்த ஊருக்கு வந்து யார் கெஞ்சப் போகிறார்கள்? 2013இல் வந்த நோட்டாவும் அப்படித்தான். அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர் ஜெயித்ததாக அறிவிக்கப்படுவார்.

பிரதிநிதி இல்லாமல் இருப்பது என்ன என்று நம் மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே 1996 முதல் பத்து வருஷம் தேர்தலை நடக்கவிடாமல் செய்தார்கள். மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் உட்கார்ந்தார்கள்.

மேலூர்ப் பக்கம் மேலவளவு. அங்கும் 1996இல் அதே ஒதுக்கீடு, அதே எதிர்ப்பு. மிரட்டல், வீடுகளுக்குத் தீ, வாக்குச்சாவடியில் வன்முறை, எல்லாவற்றையும் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார். திரும்பும் வழியில் பேருந்தை மறித்து அவரையும் அவருடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். மொத்தம் ஆறு பேர். தன் ஜனத்துக்காக ஒரு மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, அம்மா. அந்த வேலையைச் செய்த நாளில்தான் அவர் உயிர் போனது. அந்த மண்ணில் நின்றுகொண்டு, ஓட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே மேலூர்தான் அண்மையில் இன்னொன்றையும் காட்டியது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி என்று ஊர் ஊராகக் கிளம்பினார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் பேரணி வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. யார் கவர் வாங்கியவர், யார் வாங்காதவர் என்று விசாரித்துவிட்டா அந்தப் பேரணியில் ஆள் சேர்த்தார்கள்?

சரி, உங்கள் மடைக்கு வருவோம். முதலில் அந்தக் கண்மாய் யாருடையது என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் பல ஊர்களில் வருஷக்கணக்காகத் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீர்வளத் துறை என்றால் எம்.எல்.ஏ.வுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. அந்தத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது துறையின் செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கை, சட்டமன்றத்துக்கு வரும்போது உங்கள் கண்மாயின் பெயரைச் சொல்லிப் பேசலாம், கேள்வி நேரத்தில் கேட்கலாம். அமைச்சர் செய்து தருவதாகச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று துருவ சட்டமன்றத்திலேயே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. காதுகுத்துக்கு வருவதை விட இதுதான் அவருடைய வேலை. மொய் செய்கிறாரா என்று பார்க்கும் நாம், சபையில் பேசினாரா என்று பார்ப்பதில்லை. அந்தக் குறை நம்முடையதும்தான்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டு எழுதினார். உங்கள் தொகுதியிலிருந்து போன பத்து எவை, அதில் நீர்நிலை உண்டா? தொகுதி மேம்பாட்டு நிதியில் என்னென்ன வேலை நடந்தது? இரண்டையும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எம்.எல்.ஏ.வுக்கு நேரில் போக வேண்டாம், கடிதம் எழுதுங்கள். கவர் பற்றி ஒரு வரியும் அதில் வேண்டாம். கண்மாயின் பெயர், ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், மடை எந்த மாதம் உடைந்தது, இந்த வருஷம் நடவு நடக்காத நிலம் எவ்வளவு, இவை போதும். அன்று திரும்பி வந்த ஏழெட்டுப் பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தைத் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த தேர்தலில் கவர் வந்தால் தனியாக மறுப்பது கஷ்டம். இந்த ஏழெட்டு வீடும் சேர்ந்து மறுத்தால் முடியும்.

கடிதத்தின் நகல் ஒன்று எனக்கும் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றால் இதே பக்கத்தில் அச்சிடுகிறேன். அப்போது ஊர்ப் பெயரைப் போடலாமா என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.