அம்மாவுக்கு வெள்ளை அணு 3,200: பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

தம்பி, வைரஸ் காய்ச்சல் விட்டதும் அம்மாவுக்கு வெள்ளை அணு 3,200 என்று வந்ததால் பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள். பப்பாளி இலைச் சாறு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களுக்காகச் சொல்வது. இதற்கு வேண்டாம், குமட்டல்தான் மிச்சம். 4,000-க்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை இந்தக் காய்ச்சலில் இறங்குவது சகஜம், பெரும்பாலும் தானாக ஏறிவிடும்.

அம்மா சுத்த சைவம் என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்கள் குறைந்தாலும் வெள்ளை அணு குறையும். முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் ஃபோலேட்டுக்குச் சரி. பி12 கீரையில் கிடையாது. பால், தயிர்தான், அதுவும் வயதானவர்களுக்குச் சில சமயம் போதாது. டாக்டரிடம் பி12 டெஸ்ட் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிருமியை எதிர்ப்பது வெள்ளை அணுதான், அதனால் கோரிப்பாளையம் ரோட்டோரச் சட்னியெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். காய்ச்சல் மறுபடி வந்து 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.